சம்பளம் வந்த அன்றைக்கே: பண ஒழுக்கம் பற்றி ஒரு விசுவாசிக்கு எழுதிய பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருமணமானவர், மாதச் சம்பளக்காரர். ஆராதனை தவறுவதில்லை, காணிக்கை கொடுக்கிறார், குடி, சூதாட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் 20-ஆம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கிரெடிட் கார்டு பாக்கி மாதாமாதம் ஏறுகிறது, அது மனைவிக்குத் தெரியாது. "கவலைப்படாதிருங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கும்போது, உட்கார்ந்து பட்ஜெட் போடுவதும் சேர்த்துவைப்பதும் அவிசுவாசம் ஆகிவிடாதா? ஒழுங்குக்கு வர எங்கே தொடங்குவது?" என்று கேட்கிறார்.

பட்ஜெட் போடுவது அவிசுவாசம் ஆகாது. பறவைகளைப் பாருங்கள் என்று சொன்ன அதே இயேசுதான், கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14-இல் கேட்கிறார். அது சீஷத்துவத்தை, அதாவது இயேசுவைப் பின்பற்றுவதைப் பற்றிய உவமைதான். ஆனால் கணக்குப் பார்ப்பது புத்தியுள்ளவன் செய்கிற காரியம் என்பது கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்ததால்தான் அந்த உவமையே எடுபடுகிறது. யோவான் 6-ஐயும் பாருங்கள். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் போதும்படி செய்தவருக்கு மிச்சத் துணிக்கைகள் எதற்கு? ஆனாலும் ஒன்றும் சேதமாய்ப் போகக் கூடாது என்று சேர்க்கச் சொல்கிறார், 12 கூடை நிரம்புகிறது. அற்புதம் நடந்த அதே புல்தரையில், அதே சாயங்காலத்தில் சிக்கனமும் நடந்திருக்கிறது.

சேர்த்துவைப்பது தப்பா என்ற குழப்பத்துக்கு, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் அன்றாடம் கொடுத்த உணவான மன்னாவைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. யாத்திராகமம் 16-இல், நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் சிலர் மீதி வைத்தார்கள். அது பூச்சி பிடித்து நாறிப்போனது. மறுநாள் ஓய்வுநாள் என்பதால் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொன்னபோது, அதே மன்னா மறுநாள் வரை கெடாமல் இருந்தது. பொருளில் வித்தியாசமில்லை, வைத்த காரணத்தில்தான் வித்தியாசம். பயத்தில் பதுக்குவது ஒன்று, வேலை செய்ய முடியாத நாளுக்காகச் சொல்லப்பட்ட அளவில் எடுத்துவைப்பது வேறொன்று. லூக்கா 12-இல் வரும் பணக்காரனை மதிகேடன் என்று தேவன் சொன்னதும் களஞ்சியம் வைத்திருந்ததற்காக அல்ல. இருந்ததை இடித்துப் பெரிதாகக் கட்டி, "ஆத்துமாவே, இளைப்பாறு" என்று சொல்லிக்கொள்ளலாம் எனத் தானியத்தை நம்பித் திட்டம் போட்டதற்காக.

சரி, எங்கே தொடங்குவது?

பல வருஷம் சபைக் கணக்குப் பார்த்தவன் நான். மாதக் கடைசியில் கைமாத்துக் கேட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து அவர்கள் கணக்கையும் பார்த்திருக்கிறேன். வருமானம் உண்மையிலேயே பற்றாதவர்கள் அதில் உண்டு. அவர்களுக்குப் பட்ஜெட் பாடம் நடத்துவது பாவம், உதவிதான் செய்ய வேண்டும். மற்றவர்களிடம் நான் கண்டது ஒன்றுதான்: பணத்தைப் பற்றிய முடிவுகளை எல்லாம் அவர்கள் மாதம் முழுக்க, ஆசை வரும்போதெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசையின் முன்னால் நின்றுகொண்டு எடுக்கிற முடிவில் ஆசைதான் ஜெயிக்கும். நீங்கள் மனவுறுதி இல்லாதவர் என்று இதற்கு அர்த்தமில்லை. முடிவெடுக்கிற நாள்தான் தவறு.

இதைப் பவுல் ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான, அதாவது அங்கிருந்த விசுவாசிகளுக்கான காணிக்கையைப் பற்றி 1 கொரிந்தியர் 16:2-இல் எழுதும்போது, வாரத்தின் முதல் நாள்தோறும், அவனவன், தன் வரவுக்குத் தக்கதாக, தன்னிடத்திலே சேர்த்துவைக்கட்டும் என்கிறார். நாள் குறித்தாயிற்று, ஆள் குறித்தாயிற்று, அளவு குறித்தாயிற்று. நான் வந்த பிறகு பணம் சேர்க்கிற வேலை இருக்கக் கூடாது என்று காரணமும் சொல்கிறார். கடைசி நேரத்தில் உணர்ச்சிவசப்பட்டுத் திரட்டுகிற பணத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. காணிக்கைக்குச் சொன்ன இந்த முறையை நான் சேமிப்புக்கும் கடனுக்கும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

அதனால் சம்பளம் வந்த அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, நாலு காரியத்தை முடித்துவிடுங்கள். கொடுக்க வேண்டியதைத் தனியே எடுங்கள். கடனுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டுங்கள். சேமிப்பை, கார்டு இல்லாத வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள். வாடகை, கட்டணங்கள் போன்ற தவிர்க்க முடியாதவற்றைக் கட்டிவிடுங்கள். மீதி இருப்பதுதான் உங்கள் மாதம். அதை நாலு வாரம் என்று பிரிக்காதீர்கள். நாலு வாரத்துக்கு 28 நாள்தான், பிப்ரவரியைத் தவிர எந்த மாதமும் அதோடு நிற்பதில்லை. மிச்சமிருக்கிற அந்த இரண்டு மூன்று நாளில்தான் பலர் கார்டைத் தேய்க்கிறார்கள். மொத்தத்தை மாதத்தின் நாட்களால் வகுத்து, ஏழு நாளுக்கு உரியதை வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகூர் என்பவர் நீதிமொழிகள் 30-இல் "என் படியை எனக்கு அளந்து" தாரும் என்று கேட்கிறார். சம்பளச் சீட்டில் பயணப்படி, பஞ்சப்படி என்று பார்க்கிறோமே, அதே படிதான். அதிகம் வந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், குறைந்தால் திருடிவிடுவேன், ஆகவே அளந்து தாரும் என்கிறார் அந்த மனிதர். தன்னைப் பற்றி இவ்வளவு நேர்மையாக ஜெபித்த ஆள் வேதத்தில் குறைவு.

இதெல்லாம் ஓட வேண்டுமானால் முதலில் உங்கள் பணம் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். 2 இராஜாக்கள் 4-இல் கடன்கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்திருக்கிறான், ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் ஓடிவந்து கதறுகிறாள். அவர் எடுத்தவுடனே எண்ணெயைப் பற்றியோ அற்புதத்தைப் பற்றியோ பேசவில்லை. வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது, சொல் என்று கேட்கிறார். இருப்புக் கணக்கு! அவளும் ஒரு குடம் எண்ணெய் தவிர ஒன்றுமில்லை என்று உள்ளதைச் சொல்கிறாள். இன்றைக்கு எத்தனை பேரால் அப்படி ஒரே மூச்சில் சொல்ல முடியும்?

ஒரு மாதம் எழுதுங்கள். நோட்டோ போனோ, எதுவானாலும் சரி. அந்த மாதம் செலவைக் குறைக்க முயற்சி செய்யவே வேண்டாம், எழுதினால் மட்டும் போதும். நான் முதன்முதலில் எழுதிப் பார்த்தபோது வாடகைக்கு அடுத்த பெரிய தொகையாக வந்தது "இதர செலவு" என்று நானே போட்டிருந்த வரி. சாப்பாட்டைவிட அதிகம். அந்த இதரத்துக்குள் என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் பாதிக்கு மேல் ஞாபகம் வரவில்லை. ஞாபகம்கூட இல்லாத பொருளுக்காக அந்த மாதம் ஒருவரிடம் கடன் வாங்கியிருந்தேன் என்பதுதான் உறைத்தது. அடுத்த மாதத்திலிருந்து "இதர" என்ற தலைப்பையே என் நோட்டில் தடை செய்துவிட்டேன். எதை வாங்கினாலும் அதன் பெயரோடுதான் எழுத வேண்டும். வாங்கலாமா வேண்டாமா என்பதைவிட, இதை எழுத வேண்டுமே என்ற கூச்சமே பல நாள் என்னைக் காப்பாற்றியது.

இன்னொன்று, வருஷத்துக்கு ஒருமுறை வருகிற செலவுகள். பள்ளிக் கட்டணம், காப்பீடு, வரி, பண்டிகை. கிறிஸ்துமஸ் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 25-இல்தான் வருகிறது. ஆனாலும் விசுவாச வீடுகளில் அது வருஷாவருஷம் திடீரென்று வந்துவிட்டது போலக் கடன் வாங்குகிறார்கள்! இந்தச் செலவுகளைக் கூட்டி 12-ஆல் வகுத்து, அதையும் மாதச் செலவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கடன். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்பது நீதிமொழிகள் 22:7. கடன் வாங்குவதே பாவம் என்று வேதம் சொல்வதாக நான் நினைக்கவில்லை. மோசேயின் சட்டம் கடனைத் தடுக்காமல், கொடுக்கிறவனுக்குத்தான் கடிவாளம் போடுகிறது: ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்காதே, அடகாக வாங்கின போர்வையைச் சூரியன் அஸ்தமிக்குமுன் திருப்பிக் கொடு. ஆனால் அடிமைத்தனம் என்ற வார்த்தை மிகைப்படுத்தினது இல்லை. கார்டு பாக்கிக்கு மாதம் 100-க்கு 3 வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத் தொகையாக 5 சதவீதம் மட்டும் கட்டி வருகிறீர்கள். கட்டின 5-இல் 3 வட்டிக்கே போய்விடுகிறது. இனி அந்தக் கார்டில் எதுவுமே வாங்காமல் இருந்தாலும், பாக்கி பாதியாகக் குறையவே இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும். ஒன்றுமே கட்டாமல் விட்டால் அதே வட்டியில் 24 மாதத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும். குறைந்தபட்சத் தொகை என்பது கடன்காரனாகவே நீடிப்பதற்கான சந்தா என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே கார்டை ஒதுக்கிவையுங்கள், போனில் சேமித்துவைத்த கார்டு எண்ணை அழியுங்கள். எதையாவது வாங்க நினைக்கும்போது 16 எண்ணையும் எழுந்துபோய்ப் பார்த்து அடிக்க வேண்டியிருந்தால், பாதி ஆசை வழியிலேயே இறங்கிவிடும். பிறகு எல்லாக் கடனையும் ஒரு பக்கத்தில் வட்டி விகிதத்தோடு எழுதி, வட்டி அதிகமான கடனுக்கு முதலில் கூடுதலாகக் கட்டுங்கள். சிறிய கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்று சொல்கிறவர்களும் உண்டு. உங்களுக்கு உற்சாகம்தான் குறை என்றால் அப்படியே செய்யுங்கள், சண்டை இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். சபையிலோ உறவிலோ யாராவது வட்டியில்லாமல் கொடுத்திருந்தால், வட்டி இல்லை என்பதற்காகவே அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். அவரோ ஞாயிற்றுக்கிழமை நம் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்க வாயெடுத்து, "ஸ்தோத்திரம்" மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். கடன் வாங்கிச் செலுத்தாமல் போகிறவனைத் துன்மார்க்கன் என்று சங்கீதம் 37:21 சொல்லும்போது அது வங்கிக் கடனை மட்டும் சொல்லவில்லை. கொஞ்சமாவது கொடுங்கள். கொடுக்க முடியாத மாதத்தில் அவர் கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

பிணைக் கையெழுத்துப் போடாதீர்கள். இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். கூட ஜெபிக்கிற ஒருவருக்காகக் கையெழுத்துப் போட்டேன், அவர் மூன்றாம் தவணையோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், மீதி 22 தவணையும் நான் கட்டினேன். நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனமும் இதைப் பற்றியதுதான். வேடன் கைக்குத் தப்புகிற மான் போல ஓடித் தப்பித்துக்கொள் என்று இருக்கிறது. அதைப் பலமுறை வாசித்திருந்தும் கையெழுத்துப் போட்ட அன்று அது எனக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது யாராவது கேட்டால், என்னால் முடிந்ததைத் திரும்பக் கேட்காத உதவியாகக் கொடுக்கிறேன். அந்தத் தொகை அவர் கேட்டதில் பத்தில் ஒன்றாகக்கூட இருக்கலாம், பரவாயில்லை.

காணிக்கை பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கடனில் இருக்கிற எல்லோருக்கும் உள்ளூர இந்தக் கேள்வி இருக்கும்: தசமபாகத்தை நிறுத்திவிட்டுக் கடனைக் கட்டலாமா? விசுவாசிகள் இதில் ஒரே மனதாக இல்லை. மல்கியா 3:10-ஐக் காட்டி 10 சதவீதம் கட்டாயம் என்பவர்கள் உண்டு. இஸ்ரவேலின் தசமபாகத்தை உபாகமம் 14-இல் முழுதும் வாசித்தால் அது இன்னும் விரிவானது. ஒரு பங்கைக் கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும், மூன்றாம் வருஷத்தில், சொந்த நிலமில்லாத ஆலய ஊழியக்காரனான லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் கொடுக்க வேண்டும். புறஜாதிச் சபைகளுக்கு, அதாவது யூதரல்லாதவர்களின் சபைகளுக்கு எழுதின பவுலோ சதவீதம் எதுவும் சொல்லவில்லை. ஒருவனிடத்தில் இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12-இல் எழுதுகிறார். என் எண்ணம் இது: கொடுப்பதை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் கை மூடிக்கொள்ளும், பிறகு திறப்பது கஷ்டம். ஆனால் கார்டிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், அது உங்கள் பணம் அல்ல, கடன் கொடுத்தவனுடைய பணம். கடன் தீரும்வரை அளவு குறைந்தாலும், நாள் தவறாமல் கொடுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7-இல் கண்டித்ததையும் மறக்க வேண்டாம்.

கடனில் இருப்பவரிடம் "விதைக் காணிக்கை போடுங்கள், நூறு மடங்காகத் திரும்பும்" என்று யாராவது சொன்னால், நல்லபடியாக வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

முதலீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், கார்டு பாக்கி தீரும்வரை உங்களுக்கு அது தேவையில்லை. முதலில் ஒரு மாதச் செலவு கையிருப்பில் நிற்கட்டும், அப்புறம் மூன்று மாதம். எகிப்தில் யோசேப்பு பரிபூரணமான ஏழு வருஷத்தில் எடுத்துவைத்தது விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு. நீங்கள் இருபதில் ஒரு பங்கில் தொடங்கினாலும் சரி. கைப்பாடாய்ச் சேர்க்கிறவன் விருத்தியடைவான் என்று நீதிமொழிகள் 13:11 சொல்கிறது, கைப்பாடு என்றால் பாடுபட்டுச் சேர்ப்பது. சபைக்குள்ளேயே "நம்ம பிரதர் நடத்துகிற திட்டம்" என்று யாராவது வந்தால், அவர் விசுவாசி என்பதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பவுலே காணிக்கைப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோக மனமில்லாமல், யாரும் குற்றம் சொல்லாதபடிக்கு வேறு சகோதரரையும் கூட அனுப்புகிறார். பணப்பையைத் தனியாக வைத்திருந்தவன் யூதாஸ்.

சம்பளம் கூடும்போது என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவெடுத்துவையுங்கள், கூடின பிறகு முடியாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி, ஆக்ஸ்ஃபோர்டில் தங்கள் கூட்டத்தில் இருந்த ஒருவரைப் பற்றி ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். அது அவரேதான் என்று பலர் கருதுகிறார்கள். முதல் வருஷ வருமானம் 30 பவுண்டு, 28-இல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். அடுத்த வருஷம் வருமானம் 60, அப்போதும் 28-இல்தான் வாழ்ந்தார், 32-ஐக் கொடுத்தார். மூன்றாம் வருஷம் 90, நாலாம் வருஷம் 120. செலவு மட்டும் 28-ஐத் தாண்டவே இல்லை. குடும்பஸ்தர்களான நமக்கு இது அப்படியே ஒத்துவராது, குழந்தைகள் வளர்ந்தால் செலவும் வளரும். ஆனால் ஊதிய உயர்வு வருகிற மாதத்தில் அதில் பாதியை, கைக்கு வருமுன்பே, கடனுக்கும் சேமிப்புக்கும் திருப்பிவிடுவது யாருக்கும் முடியும். பழகாத பணத்தை இழந்ததாக மனசு கணக்கு வைப்பதில்லை.

சில மாதம் எல்லாம் குலைந்துபோகும். ஆஸ்பத்திரிச் செலவு வரும், இல்லையென்றால் வெறுமனே நீங்களே சறுக்குவீர்கள். அந்த மாதத்துப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள், அடுத்த சம்பள நாளில் அடுத்த பக்கத்தில் தொடருங்கள். "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்கிறார், அதுவும் காவலில் இருந்தபடி. அவருக்கே அது பிறவியில் வரவில்லை.

கடைசியாக உங்கள் மனைவியிடம் மறைத்துவைத்த பாக்கி. மேலே சொன்னதில் எதைத் தொடங்குவதற்கும் முன்னால் இதை முடியுங்கள். மறைத்துக்கொண்டு பட்ஜெட் போட்டால் அவருக்கு ஒரு கணக்கு, உங்களுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு நோட்டு ஓடும், இரண்டாவது நோட்டுதான் ஜெயிக்கும். அவர் கோபப்படுவார், கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. குழந்தைகள் தூங்கின பிறகு, கார்டு ஸ்டேட்மென்டை மேசையில் வைத்துவிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல் முதலில் தொகையைச் சொல்லுங்கள். அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடித்த பிறகு ஒரு புது நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் அந்தத் தொகையை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கே எழுத அவருக்கு மனம் வராவிட்டால், நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டு இரண்டு நாள் பொறுத்திருங்கள்.